கப்பலில் ஜனாதிபதி, வரிசையில் நாங்கள்

ஜனாதிபதியைக் காணவில்லை என்ற செய்தி சாவகச்சேரிப் பெற்றோல் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது, நான் ஸ்கூட்டியின் இருக்கையை மேசையாக்கிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரம். வரிசையில் அது எனக்கு இரண்டாம் நாள். கொழும்பில் சனம் மாளிகைக்குள் புகுந்துவிட்டது, நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், கட்டிலில் ஏறிப் படுத்துப் படம் எடுக்கிறார்கள் என்று எனக்கு முன்னால் நின்ற மீன் வியாபாரி கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினார். வீடு நிறைய ஆட்கள். வீட்டுக்காரரை மட்டும் காணோம்.

அந்த வருடம் நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, பரீட்சை வைக்கக் கடதாசி இல்லை. இப்போது தலைவரும் இல்லை. தெற்கில் சனம் இதையெல்லாம் முதன்முதலாகக் கண்டு திகைத்துப்போய் நின்றது. எங்களுக்கு அவ்வளவு திகைப்பு வரவில்லை. யுத்தத்தில் சோப்பும் பற்றரியும் நெருப்புப்பெட்டியும் தடைசெய்யப்பட்ட வருடங்களில் வாழ்ந்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறோம். அவர்கள் அழுத பொருட்களுக்கெல்லாம் நாங்கள் முன்பே அழுது முடித்திருந்தோம். ஆகவே எங்கள் வரிசைக்கு அழவேண்டிய வேலை இல்லை. பேசத்தான் நிறைய நேரம் இருந்தது.

பேசியவர்கள் முக்கியமாக நால்வர். மீன் வியாபாரி குருநகர்க்காரர், நாற்பது வயது இருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, தென்மராட்சிக் கிராமங்களுக்கு மீன் கொண்டுவருபவர். பெட்டி வெறுமையாக இருந்தாலும் அது இருக்கும் திசையை மூக்கு காட்டிக்கொடுக்கும். அவருக்கு முன்னால், கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். வரிசைக்கு வரும்போதும் ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், பையில் இரண்டு பேனையுமாக வருவார். எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றோம். எனக்குப் பின்னால் நின்ற ஸ்கூட்டி ஓர் இடியப்பக்காரியுடையது. மீசாலையிலிருந்து கடைகளுக்கு இடியப்பம் கொடுப்பவள். என்னைவிடப் பத்து வயது குறைவு. நான்காவது ஆள் நான். வாயை அடக்கத் தெரியாத ஆசிரியை என்று பாடசாலையில் எனக்கொரு பெயர் உண்டு. அது எவ்வளவு சரியானது என்பதை அந்தக் கிழமையில் கண்டுகொண்டேன்.

விவாதத்தை ஐயாதான் தொடக்கிவைத்தார். நாட்டுத் தலைவரின் பாதுகாப்புப் பற்றிப் பொது இடத்தில் கதைக்கக்கூடாது என்று முதலில் எங்களை எச்சரித்தார். பிறகு ஒன்றரை மணித்தியாலம் அதைப் பற்றியே கதைத்தார். தலைவரை நகர்த்துவதற்கு ஒரு ஒழுங்குமுறை இருக்கிறதாம். இரண்டு வாகனத் தொடர் புறப்படுமாம், ஒன்று வெறும் வாகனமாம். எந்தக் கதவால் போனார், யார் கையெழுத்து வைத்து அனுப்பினார்கள் என்பதெல்லாம் எங்கேயோ ஒரு கோப்பில் இருக்குமாம். அவரை உண்மையில் வாட்டியது வேறொன்று.

“அந்தாள் குளிசையள் எடுத்துக்கொண்டு போச்சுதோ தெரியேல்லை” என்றார். “இந்த வயதிலை பிரஷர் இல்லாமலிருக்குமே.”

நாடு முழுவதும் பிரஷர் குளிசை கிடைக்காத மாதம் அது. ஐயாவே தன் குளிசையை அரைவாசியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அரைக் குளிசைக்காரர் மற்றவரின் குளிசையை நினைத்து உருகியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மீன் வியாபாரி கப்பல் கட்சி. கடற்படைக் கப்பல் ஒன்றில்தான் வைத்திருப்பார்கள், கரைக்குக் கிட்டக் கொண்டுவராமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் துணிபு. பழக்கமில்லாத உடம்பு முதல் நாளிலேயே குடலைக் கக்கும் என்றும் சொன்னார். குருநகரில் இன்னொரு கதையும் ஓடுகிறதாம்: வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போய் இறங்கி, அகதியாகப் பதியப்போகிறாராம். எங்கள் சனம் போன அதே வழி.

“போகட்டும். இடையிலை நேவி மறிச்சு அடிக்காமல் விட்டால் சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விவாதம் இன்னும் சூடானது. பக்கத்து வரிசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். விமானப்படை முகாம் என்றார் ஒருவர். நிலத்துக்கடியில் அறை என்றார் இன்னொருவர். இடியப்பக்காரி அதுவரை ஒன்றும் பேசாமல் பிளாஸ்ரிக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யுத்தம் முடிந்த அன்று, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொன்னவர்களிடம் கணவரைத் தன் கையால் ஒப்படைத்தவள். அதன் பிறகு அவரைக் காணவில்லை. பதின்மூன்று வருடங்கள்.

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: “கடைசியாக் கண்டது ஆர்?”

மாளிகைக் காவலாட்கள் என்று சொல்கிறார்கள் என்றார் மீன் வியாபாரி.

“என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?”

யாருக்கும் தெரியவில்லை.

“உடம்பிலை அடையாளம் ஏதும் இருக்கோ? மச்சம், தழும்பு?”

ஐயா அதை உண்மையாகவே யோசித்தார். படங்களில் பார்த்த அளவில் மச்சம் ஒன்றும் இல்லை என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் சிரிக்கவில்லை. விசாரணை மேசைக்கு அப்பால் இருப்பவர்களின் குரல் அவளுக்கு அச்சொட்டாக வந்தது. மனைவி பொலிசில் முறைப்பாடு கொடுத்தாவா, கொடுத்ததற்குத் துண்டு இருக்கிறதா, மூன்று பிரதி எடுத்திருக்கிறாவா, கிராம அலுவலரின் கடிதம் எங்கே, அவராக விருப்பப்பட்டு வெளிநாடு போயிருக்கலாம் அல்லவா, வேறு குடும்பம் ஏதும் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் சிரிப்புக் கூடிக்கொண்டே போனது.

“அந்த அம்மாவிட்டைச் சொல்லுங்கோ” என்றாள் கடைசியில். “கொஞ்ச நாளாலை மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுவினம். வேண்டாம் எண்டால் வாழ்வாதார உதவியெண்டு கோழிக்குஞ்சு தருவினம். எனக்குப் பத்துத் தந்தவை. நாலு செத்துப்போச்சு.”

கோழிக்குஞ்சு வரைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யார் முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியாமல் நின்றுபோனது. பக்கத்து வரிசைக்காரர்கள் தங்கள் வாகனங்களைப் பார்க்கப் போனார்கள். ஐயா பத்திரிகையை நான்காக மடித்தார்.

“அவர் நாட்டின்ரை தலைவர், பிள்ளை. அது வேறை” என்றார்.

“ஓம் ஐயா. வேறைதான்” என்று அவள் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள்.

இதைப் பார்த்த பிறகாவது எனக்கு அடக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திங்கட்கிழமை வெயில் அகோரம். பெற்றோல் பவுசர் வருகிறது, வருகிறது என்று சொல்லி வரவில்லை. கொப்பிகள் முடிந்துவிட்டன. அன்று ஐயா ஏழாவது தடவையாகவோ எட்டாவது தடவையாகவோ, “ரீச்சர் என்ன நினைக்கிறியள், எங்கை வைச்சிருப்பினம்?” என்று கேட்டார். அலுப்பில் என் வாயில் வந்ததைச் சொன்னேன். காங்கேசன்துறைக்கு வெளியே கப்பல் நிற்கிறதாம். நேற்று நேவிக்காரர் பருத்தித்துறைக்கு வந்து ஒரு சாக்கு நிறையத் தட்டைவடை வாங்கிக்கொண்டு போனார்களாம். கப்பலில் யாரோ பெரிய ஆளுக்கு வாய்க்கு ருசி கேட்கிறதாம்.

மீன் வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. எழுந்து வேப்பமர நிழலுக்குப் போய் யாரையோ தொலைபேசியில் அழைத்தார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகுதான் தெரிந்தது, கச்சேரியில் தனக்குக் கீழே வேலை செய்த ஒருவரை அழைத்திருக்கிறார். அந்த மனிதர் காங்கேசன்துறைப் பக்கம் குடியிருக்கிறார். இப்படியொரு தகவல் வந்திருக்கிறது, சரி பிழை பார்த்துச் சொல் என்று கேட்டாராம். கேட்டவர் யார்? வாழ்நாளில் ஒரு தடவைகூட வதந்தி பேசாத மனிதர். அவரே கேட்கிறார் என்றால் விஷயம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த முன்னாள் எழுதுவினைஞர் முடிவுகட்டினார். லண்டனில் இருக்கும் தம்பிக்குச் சொன்னார். தம்பி ஃபேஸ்புக்கில் போட்டார். இப்படி, சரிபார்க்கப் போன இடத்திலிருந்துதான் என் பகிடிக்குக் கால் முளைத்தது.

மூன்று மணித்தியாலம் கழித்து ரொரன்ரோவிலிருந்து என் தங்கை அழைத்தாள். அங்கே விடியவே இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினாள். ஜனாதிபதி காங்கேசன்துறையில் கப்பலில் இருக்கிறார், கடுமையான வயிற்றுக்கோளாறு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், என்னவும் நடக்கலாம், வெளியில் திரியாதே என்றாள். வயிற்றுக்கோளாறு ஏன் என்று கேட்டேன். ஏதோ எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டாராம் என்றாள்.

“அது நான் சொன்ன பகிடியடி” என்றேன்.

“நீ சொன்னது வேறை. இது கப்பலிலை நிக்கிற ஆளிட்டையிருந்து வந்தது. உங்கை இருக்கிற உங்களுக்கு ஒண்டும் தெரியாது.”

எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பார்த்தால் மீன் வியாபாரியின் கைத்தொலைபேசியில் கப்பலின் படமே வந்துவிட்டது. எப்போதோ சீமெந்து ஏற்ற வந்த கப்பல். சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி காட்டி, இதுதான் அவர் இருக்கும் அறை என்று எழுதியிருந்தார்கள். வடக்குக் கரையில் சனம் சைக்கிளில் வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதாம். நான் சிரித்தேன். அன்றுவரை என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் இவ்வளவு பேர் வாசித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு மனிதர் சைக்கிளில் வந்தார். சாதாரணச் சட்டை, சாதாரணக் காற்சட்டை. ஆனால் தலைமயிர் வெட்டியிருந்த விதமும் சப்பாத்தும் புலனாய்வுக்காரர் என்று ஆளைச் சொல்லிவிட்டன. இதில் எங்களுக்குப் பயிற்சி தேவையில்லை. வரிசையில் பேச்சு முன்னிருந்து பின்னாக ஒவ்வொருவராய் அணைந்துகொண்டு வந்தது. அவர் சிங்களவர், முப்பது வயதிருக்கும், வகுப்பில் படித்த தமிழ் பேசினார். காங்கேசன்துறைக் கதை இந்தப் பெற்றோல் செட்டில்தான் தொடங்கியதாகத் தகவல் வந்திருக்கிறது, முதலில் சொன்னது யார் என்று கேட்டார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் இருந்ததே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு வடைப் பகிடிக்காக எங்கேயோ ஒரு அறையில் போய் உட்கார வேண்டி வருமோ என்று நினைத்தேன். எந்தப் பெரிய காரணமும் இல்லாமல் அப்படிப் போய் உட்கார்ந்த பலரை எனக்குத் தெரியும்.

ஐயா எழுந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். அரசாங்கம் கேட்டால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லியே பழகிய மனிதர்.

“தம்பி, முதலிலை உங்கடை அடையாள அட்டையைக் காட்டுங்கோ” என்றார்.

வந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொன்னார்.

“அப்பிடியெண்டால் நாங்கள் கதைக்கேலாது. அந்த விசயத்தைப் பற்றி வெளியிலை விசாரிச்சது நான். என்ரை பேர், விலாசம் தாறன். எழுத்திலை கேளுங்கோ, எழுத்திலை பதில் தருவன்.”

இரண்டு பேனையில் ஒன்றை எடுத்து நீட்டினார். நான்கு நாட்களாக நான் கொப்பிக்குள் முகம் புதைத்துச் சிரித்தது இந்த மனிதரைப் பார்த்துத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து, நான்தான் சொன்னேன் என்றேன். பகிடிக்குச் சொன்னேன்.

வந்தவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். பிறகு நிமிர்ந்து, “பகிடி எங்க இருக்குறார், மிஸ்?” என்று கேட்டார்.

மீன் வியாபாரி இருமுவதுபோலப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பகிடி என்பது ஆள் இல்லை, சும்மா சிரிக்கச் சொல்வது என்று விளக்கினேன். ஒரு ஆசிரியை என்ற முறையில் உதாரணமும் சொன்னேன். அவர் எழுதியதை வெட்டிவிட்டு, அப்படியானால் கப்பல் இல்லையா என்றார். இல்லை. வடை? வடையும் இல்லை. அவர் புத்தகத்தை மூடினார். முகத்தில் கோபம் இருக்கவில்லை, வியர்வைதான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் மிதித்து வந்திருக்கிறார். திணைக்களத்து மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை.

போகும்போது சைக்கிளில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உண்மையா எங்க இருக்குறார், மிஸ்? உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டினார். பவுசர் எப்போது வரும் என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன்.

அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு வரிசையில் எழுந்த சிரிப்பு கண்டி வீதியின் மறுபக்கம்வரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். ஐயாவிடம் போய் நன்றி சொன்னேன். அவர், அடையாள அட்டை இல்லாமல் விசாரணைக்கு வருவது எவ்வளவு பெரிய பிழை என்று மட்டும் விளக்கினார். அவருடைய கோபம் முழுவதும் அதில்தான் இருந்தது.

புதன்கிழமை விடிந்தபோது எல்லாம் தெளிந்துவிட்டது. ஜனாதிபதி இரவோடிரவாக மனைவியோடும் காவலர்களோடும் விமானப்படை விமானத்தில் ஏறிப் பக்கத்துத் தீவு நாட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து இன்னும் கிழக்கே போவாராம். மீன் வியாபாரி விமானம் என்றதும் சோர்ந்துபோனார். நான்கு நாட்கள் கப்பலுக்காக வாதாடியவர். ஐயா அமைதியானார். ஆள் பத்திரமாக இருக்கிறது, அதுபோதும் என்றார். குளிசை கிடைக்கும் நாடு என்றும் சொன்னார்.

ஆனால் அடுத்த நாள் ராஜினாமாச் செய்தி வந்தது. மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். ஐயா அதை நம்ப மறுத்தார். மீன் வியாபாரி செய்தியைக் காட்டினார். ஐயா மூன்று தடவை வாசித்துவிட்டு, மூலப்பிரதி எப்போது வரும் என்று கேட்டார்.

“ஒப்பம் சரியில்லை எண்டு எத்தினை சனத்தின்ரை கடிதத்தை நான் திருப்பி அனுப்பினனான்” என்றார். “ஒரு மனிசி பென்சனுக்கு மூண்டு தரம் அலைஞ்சது.” அன்று முழுவதும் பத்திரிகையைத் திறக்கவில்லை. தலைவர் ஓடிப்போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கோப்புக்கு ஒரு கடிதம் வைக்காமல் போனதைத் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பவுசர் வந்தது. ஒரு கிழமை காத்திருந்ததற்கு ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். மீன் வியாபாரி பெட்டியைத் தட்டிவிட்டுப் புறப்பட்டார். ஐயாவின் மோட்டார் சைக்கிள் இரண்டு உதையில் உயிர்த்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் போய்வருகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். ஒரே வகுப்பில் படித்து முடித்தவர்கள் போல. இடியப்பக்காரி என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டாள்.

சில கிழமைகளில், ஓடிப்போன ஜனாதிபதி திரும்பி வந்தார். விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்றார்களாம். அரசாங்க வீடு, வாகனம், காவலுக்கு ஆட்கள். எங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வீதியின் பெயரைக்கூடச் செய்தியில் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் அதைப் பற்றி ஒரு இடைவேளை முழுக்கக் கதைத்தோம். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டோம்.

அந்த மாதம்தான் இடியப்பக்காரி பாடசாலை வாசலுக்கு வந்தாள். கையில் காணாமற்போனோர் அலுவலகத்துக் கடிதம் ஒன்று. கணவரின் கோப்பு கந்தோர் மாற்றும்போது தவறிவிட்டது, விபரங்களைப் புதிதாக நிரப்பி, புகைப்படத்தோடு மீண்டும் அனுப்பவும் என்று எழுதியிருந்தது. கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தபடியால் என்னைத் தேடி வந்திருந்தாள். மரத்தடி வாங்கில் உட்கார்ந்து நிரப்பினோம். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உயரம், நிறம், பிறந்த இடம். ஒன்றுக்கும் அவள் யோசிக்கவே இல்லை. எந்தப் பெட்டிக்குள் எவ்வளவு எழுத இடம் இருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

கடைசிப் பெட்டியில் ‘வேறு விபரங்கள் ஏதும் இருப்பின்’ என்று இருந்தது. அதை மொழிபெயர்த்துச் சொல்லி, என்ன எழுத என்று கேட்டேன்.

“ஒண்டும் எழுதாதேங்கோ ரீச்சர்” என்றாள். “முந்தி ஒருக்கால் எழுதினனான். அதுக்கு வேறை ஒரு ஃபோம் இருக்கெண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம்.”

வெறுமையாக விட்டேன். அவள் கையெழுத்து வைத்தாள். தெளிவான, முழுக் கையெழுத்து. பிறகு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு தபாற்கந்தோர்ப் பக்கம் நடந்தாள். அந்தக் கிழமைப் பெற்றோல் பங்கீடு முடிந்துவிட்டதாம்.